ஸ்பெஷல் டிக்கெட்டுக்குத் தனி

“எல்லாரும் நல்லா இருக்கீங்களா, நான் இங்க நல்லா இருக்கேன்” என்று தொடங்கும் சித்தப்பாவின் கேசட், அடுத்த வாக்கியத்திலேயே தீம் பார்க்குக்குப் போய்விடும். நலம் விசாரிப்பு அவ்வளவுதான்.

“அண்ணே, வாசல் டிக்கெட்டப் பாத்து ஏமாந்துடாதீங்க. வாசல் டிக்கெட்டு வாசலோட சரி. உள்ள போனா வேற கதை. பையி வைக்கிற பெட்டிக்கு வாடகை கேப்பான். சோறு கட்டிட்டுப் போனா விடமாட்டான், அங்கதான் வாங்கித் திங்கணும். ஒரு தோசை நம்ம ஊரு நாலு தோசை வெலை. அதுக்கெல்லாம் ஒரு காசு. ஸ்பெஷல் டிக்கெட்டுக்குத் தனி. அத இதோட கலந்துடவே கூடாது.”

துபாயிலிருந்து யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புவார். எங்கள் வீட்டுக் கூடத்தில் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். அப்பா, அம்மா, நான், பக்கத்து வீட்டிலிருந்து சித்தியும் அவள் மகள் கவிதாவும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ரேடியோவில் விவசாயச் செய்தி கேட்பதுபோலக் கேட்பார். அம்மாவுக்குத்தான் பொறுக்காது.

“கடல் தாண்டிப் போன மனுசன் பொண்டாட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லல. தோசை வெலை சொல்றாரு பாரு!”

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பிறகு அந்தக் கேசட்டைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய், கதவைச் சாத்திக்கொண்டு தோசை விலையைத் திரும்பவும் கேட்பாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு அந்தக் குரலே போதுமாயிருந்தது, பாவம்.

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகம் பிரித்தபின் ஆளுக்கு ஒரு துண்டு நிலம். ஆற்றில் தண்ணீர் வந்தால் குறுவை, வராவிட்டால் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். தண்ணீர் வராத ஒரு வருடம் சித்தப்பா ஏஜெண்டுக்குப் பணம் கட்டி விமானம் ஏறினார். அப்போது கவிதாவுக்கு ஐந்து வயது. போன இடத்தில் முதல் கம்பெனி சம்பளமே தராமல் இழுத்தடித்தது. அப்புறம் எப்படியோ ஒரு குழந்தைகள் பார்க்கில் வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? ராட்டினங்களின் வாசலில் ஓர் அளவுகோலோடு நிற்பது. இந்த உயரத்துக்கு மேல் இருந்தால் இதில் ஏறலாம், இந்த உயரத்துக்குக் கீழ் இருந்தால் அதில் ஏறலாம். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளின் உயரத்தை அளந்து அளந்து உள்ளே விடுவார்.

அந்த வாசலில் பார்த்த ஒரு காட்சிதான் அவரைப் பிடித்து ஆட்டியது. அதையும் கேசட்டில்தான் சொன்னார். நம் பக்கத்து ஆள் ஒருவர், பேச்சிலேயே தஞ்சாவூர் தெரிந்ததாம். பெண்டாட்டி பிள்ளையை வரவழைத்துப் பார்க்குக்குக் கூட்டி வந்திருக்கிறார். உள்ளே வந்தபிறகுதான் ஸ்பெஷல் ஷோவுக்குத் தனி டிக்கெட் என்று தெரிந்திருக்கிறது.

“அந்த ஆளு சட்டப் பையில கை விடுறாரு, எடுக்குறாரு. திரும்ப அதே பையில விடுறாரு. அதுல ஒண்ணும் இல்லன்னு அவருக்கே தெரியும் அண்ணே. அந்தப் புள்ள சொல்லுது, ‘பரவால்லப்பா, நா வெளிய நின்னே பாக்குறேன்’னு…”

அதற்குப் பிறகு டேப்பில் பேச்சு இல்லை. யாரோ பட்டனை அமுக்கிய சத்தம். மறுபடி பட்டனை அமுக்கிய சத்தம். “எம் புள்ளய அப்படிச் சொல்ல விடமாட்டேன்” என்றார். அவ்வளவுதான்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், இந்தத் தனியாக எடுத்து வைக்கிற புத்தி அவருக்குத் துபாயில் வந்ததல்ல. நான் சிறுமியாக இருந்தபோது வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கூட்டிப் போவார். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பஸ் ஏறும் முன்பே வேட்டி முனையில் கொஞ்சம் சில்லறையை முடிச்சுப் போட்டு, “இது ராட்டினத்துக்கு” என்று எனக்குக் காட்டிவிடுவார். அதன்பிறகு உலகமே இடிந்து விழுந்தாலும் அந்த முடிச்சு அவிழாது. ஒருமுறை கூட்டத்தில் அவர் சட்டைப் பையை எவனோ கிழித்துக்கொண்டு போய்விட்டான். எனக்கோ பசி. பரோட்டாக் கடை வாசலில் நின்று அடம் பிடிக்கிறேன்.

“சித்தப்பா, முடிச்சுல காசு இருக்குல்ல?”

“அது ராட்டினத்துக்கு.”

“பசிக்குது சித்தப்பா!”

“மேல ஏறு, பசி தெரியாது.”

ஏற்றிவிட்டார். அவர் ஏறமாட்டார், தலை சுற்றும். கீழே நின்று, நான் உச்சிக்குப் போகும்போதெல்லாம் கத்துவார். “கடல் தெரியுதா?” “தெரியுது!” “அப்பப் பசி இல்ல!” திரும்பும் வழியில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துப் பஸ்ஸுக்குக் கடன் வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் நான் சோற்றுப் பானையை வழித்துத் தின்றதைப் பார்த்து அம்மா போட்ட கூச்சல் இருக்கிறதே! சித்தப்பா அசரவில்லை. “சோறு நாளைக்கும் இருக்கும் அண்ணி. ராட்டினத்த நாளைக்குப் பிரிச்சுருவான்” என்றார். இப்படிப்பட்ட மனிதரோடு என்ன வாதாடுவது?

கவிதாவைக் கூட்டிப் போக அவர் ஒதுக்கி வைத்த தீம் பார்க் பணமும் அப்படித்தான். அண்ணன் தம்பிக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது என்றால் அது அந்தப் பணத்தால்தான். ஒரு கோடையில் போர்வெல் மோட்டார் எரிந்துபோய், நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா டெலிபோன் பூத்திலிருந்து பேசினார்.

“அந்த ராட்டினக் காச இப்போதைக்கு அனுப்புடா. அறுப்பு முடிஞ்சதும் வச்சுருவோம்.”

“மோட்டாருக்கு வேற காசு அனுப்புறேன் அண்ணே. அதுல மட்டும் கை வைக்கச் சொல்லாதீங்க.”

“இங்க பயிரு சாவுது, நீ பொம்மக் கரடியக் கட்டிட்டு அழுவுறியே!”

கூட்டாளிகளிடம் கடன் வாங்கி மோட்டாருக்கு அனுப்பினார். அந்தப் பணம் அசையவில்லை. அடுத்த கேசட் வந்தபோது அப்பா கூடத்துப் பக்கமே வரவில்லை.

ஏன் இவ்வளவு வருடம் வரவில்லை என்று கேட்பீர்கள். அங்கே லீவை விற்கலாம். ஊருக்குப் போகாமல் வேலை பார்த்தால் லீவுச் சம்பளமும் டிக்கெட் காசும் கையில் வரும். ஒரு லீவை விற்று ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனை அடைத்தார். இன்னொன்றை விற்று வீட்டுக்குத் தளம் போட்டார். அடுத்ததை விற்றுத் தாத்தாவின் ஆபரேஷனுக்கு அனுப்பினார். ஒவ்வொரு முறையும் போனில், “அடுத்த கோடைக்குக் கண்டிப்பா” என்பார். சித்தி பூத்துக்குள் நின்றபடி, மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, “உடம்பப் பாத்துக்குங்க” என்பாள். வெளியே நாலு பேர் காத்திருக்கும்போது வேறு என்ன பேச முடியும்?

கவிதாவின் கையில் ரிசீவர் வரும்போது மீதி இருப்பது ஒரு நிமிடம். “சாப்டியாம்மா? படிக்கிறியாம்மா?” “ம்.” “கரடி ரயில்ல போவமா?” “ம்.” சின்ன வயதில் அந்த ‘ம்’ துள்ளிக்கொண்டு வரும். அப்புறம் அப்புறம் வெறும் ‘ம்’.

கரடி ரயில் என்பது சென்னைப் பக்கத்துத் தீம் பார்க் ஒன்றில் கோடை விடுமுறைக்கு மட்டும் விடுகிற ஸ்பெஷல். தாழ்வான கூரை போட்ட குட்டி ரயில். கரடி, முயல் வேஷம் போட்டவர்கள் கூட வருவார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், பக்கத்துப் பக்கத்து சீட். இறங்கும்போது இருவரையும் சேர்த்து ஒரு போட்டோ. யாரோ சொல்லிக் கேட்டதிலிருந்து அவருக்கு அதே ஞாபகம். தலை சுற்றுகிற மனிதர், வார விடுமுறையில் தான் வேலை பார்த்த பார்க்கிலேயே குட்டி ரயிலில் ஏறிப் பழகினாராம். “இப்ப சுத்தல அண்ணி, பாப்பாவோட தைரியமா ஒக்காருவேன்” என்று கேசட்டில் பெருமை வேறு. ஒரு முழு நாள் அந்தப் பிள்ளைக்கு எதுவும் இல்லை என்று சொல்லாமல், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மனிதர் அதற்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே கிடந்தார்.

உயரக் கணக்கை அவர் மறக்கவில்லை. அதுதானே அவர் பிழைப்பு! கரடி ரயிலுக்கு இத்தனை உயரத்துக்கு மேல் கூடாது என்று விசாரித்து வைத்திருந்தார். “நம்ம பாப்பா எங்கம்மா மாதிரி, கட்டையாத்தான் இருப்பா. அளவுக்குள்ள வந்துருவா” என்றார். “அவ நல்லா ஒசந்துட்டாங்க” என்று சித்தி போனில் சொன்னபோது, “நா அனுப்புற பால் பவுடருக்கு ஒசராம?” என்று சிரித்தார். வருடா வருடம் போட்டோ போகும்தான். ஸ்டூடியோக்காரர் பூச்செண்டைக் கையில் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தே எடுப்பார். உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் உயரம் யாருக்குத் தெரியும்? பன்னிரண்டு வயது என்பது அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுக் கவிதா எப்படி நிற்பாள் என்பது தெரியாது.

சித்தப்பா இப்போது இல்லை. சொன்னபடி ஒரு கோடைக்கு வந்தார், அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்து போனார். கடைசியாகச் சர்க்கரை வியாதியோடு ஊரோடு வந்து, கொஞ்ச காலம் இருந்து போய்ச் சேர்ந்தார். கவிதா நல்ல பெண். மருந்து, மாத்திரை, பத்தியச் சாப்பாடு எல்லாம் வேளை தவறாமல் கொடுத்தாள். யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாத அளவுக்குத்தான் அப்பனும் மகளும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அந்தக் கோடையைச் சொல்கிறேன். ஒருவழியாக லீவை விற்காமல் வருகிறார். திட்டத்தைப் போனிலேயே சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் குடும்பமே வேன் பிடித்து மீனம்பாக்கத்துக்குப் போகும். அந்த வேனிலேயே நேராகத் தீம் பார்க், அங்கிருந்து ஊர்.

“ஊருக்கு வந்துட்டுத் திரும்பப் போனா ரெண்டு வாடகை அண்ணே. மிச்சம் பண்ற வாடகையில எல்லாருக்கும் உள்ள சாப்பாடு ஆயிரும்.”

கணக்கு சரிதான். அதில் யார் குறை கண்டுபிடிப்பது? கரடி ரயிலுக்கு இரண்டு டிக்கெட்டை, சென்னைக்கு லீவில் வந்த அறைக்கூட்டாளி முன்கூட்டியே வாங்கிப் போய் அவர் கையில் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருந்தாராம்.

விடிந்தும் விடியாத நேரத்தில் விமான நிலைய வாசலில் நின்றோம். தள்ளுவண்டியில் கயிறு கட்டிய பெட்டிகளோடு வந்தார். முன்மண்டை வழுக்கை, இளைத்த உடம்பு. அப்பாவைக் கட்டிக்கொண்டார். அம்மாவைக் கும்பிட்டார். சித்தியைப் பார்த்துச் சிரித்தார், அவள் அழுதுவிட்டாள். எனக்குப் பக்கத்தில் சுடிதார் போட்டுக்கொண்டு, சித்தியின் காது உயரத்துக்கு ஒருத்தி நிற்கிறாள். சித்தி வீட்டு ஆட்கள் எல்லோரும் பனைமரம், அந்த வாகு. சித்தப்பா அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். குனிந்து, எங்கள் கால்களுக்கு நடுவில் பார்த்தார்.

“பாப்பா எங்க? வேன்ல தூங்குறாளா?”

அம்மாதான், “என்ன தம்பி இது, எதுக்கத்தானே நிக்குறா” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் எப்படிச் சொல்ல? கவிதா தலையைக் குனிந்துகொண்டு, “வாங்க” என்றாள். வீட்டுக்கு வரும் விருந்தாளியைக் கேட்பதுபோல. அவர் கை அவள் தலையைத் தொடப் போய், பழக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு நீண்டு, அங்கே ஒன்றும் இல்லாமல் நின்றது.

வேனில் அப்பா மட்டும் தண்ணீர், உர விலை என்று ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். “நேரா ஊருக்குப் போயிடலாங்களே” என்று சித்தி மெல்லக் கேட்டாள். “எல்லாம் எடுத்து வச்சாச்சுல்ல” என்றார் சித்தப்பா. அவருக்குத் தெரிந்துவிட்டது, பார்த்த உடனே தெரிந்திருக்கும். இத்தனை வருடம் அளவுகோலோடு நின்றவருக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த மனிதரால் விட முடியவில்லை.

உள்ளே போனோம். பைகளைப் பெட்டியில் வைத்தோம், வாடகை சரியாக அவர் சொன்னபடி. வேறு எதையும் பார்க்காமல் நேராகக் கரடி ரயில் வரிசைக்குப் போனார். சின்னஞ்சிறுசுகள், கையில் பலூன், கூட அப்பா அல்லது அம்மா. வாசலில் மரத்தால் செய்த கரடி ஒன்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கைக்குக் கீழே நுழைந்து போகிற பிள்ளைகளுக்குத்தான் ரயில். பக்கத்தில் சீருடை போட்ட பையன் ஒருவன்.

கவிதாவின் முறை வந்தது. அவள் முகம் சிவந்து கிடந்தது. பின்னால் நின்ற எனக்குக் கேட்டது, சித்தப்பா அவள் காதோரம் குனிந்து சொன்னார்.

“கொஞ்சம் முட்டிய மடக்கி நில்லும்மா.”

ஐயோ, அந்த நிமிடம்! எத்தனை அப்பன்மார் இப்படிச் சொல்ல, எத்தனை பிள்ளைகளை இவர் நிமிர்த்தி நிற்க வைத்திருப்பார்! கவிதா அவரைப் பார்த்தாள். மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெண் மடக்கினாள். சுடிதாருக்குள் இரண்டு முட்டியும் மடங்கி, தோளைக் குறுக்கிக்கொண்டு, எவ்வளவு முடியுமோ அவ்வளவு மடக்கினாள். அப்படியும் தலை கரடியின் கைக்கு மேலேதான் இருந்தது. வரிசையில் ஒரு பொடிசு சிரித்தது.

“சார், கூரை இடிக்கும் சார். அக்கா பெரிய பொண்ணு” என்றான் அந்தப் பையன். கெட்டவன் இல்லை, மெதுவாகத்தான் சொன்னான்.

“எம் பொண்ணுதான் தம்பி. இவளுக்குன்னு எடுத்து வச்ச டிக்கெட்டு தம்பி.”

“டிக்கெட்டு செல்லும் சார். அளவு இதான் சார்.”

சித்தப்பா தலையாட்டினார். “சரிதான். நீங்க சொல்றதுதான் சரி.” பிறகு கவிதாவிடம், “நிமிந்து நில்லும்மா” என்றார்.

அவள் நிமிர்ந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, போயிரலாம்னு அவங்ககிட்ட சொல்லுக்கா” என்றாள்.

அவங்ககிட்ட. நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கே கேட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்கள். சித்தி வேறு ராட்டினங்களைக் காட்டிக் கெஞ்சினாள். கவிதா தலை வலிக்கிறது என்றுவிட்டாள். சித்தப்பா சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து ரயில் புறப்படுவதைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில் கையை விரித்துக் காட்டினார்.

“இந்த ஒசரத்துலயே வச்சுருந்துட்டேன் புள்ள. நா வந்து வளத்துக்கலாம்னு.”

மத்தியானமே கிளம்பிவிட்டோம். இரவு முழுக்க முழித்து வந்த களைப்பில் வேனில் எல்லோரும் சாய்ந்துவிட்டார்கள். இடமில்லாததால் கவிதா சித்தப்பாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்காரும்படி ஆகியிருந்தது. திண்டிவனம் தாண்டியதும் தூங்கிப்போனாள். வண்டி ஒரு வளைவில் திரும்பியபோது அவள் தலை அவர் தோளில் விழுந்தது.

சித்தப்பா அசையவில்லை. மூச்சைக்கூட மெல்ல விட்டார். வழியில் டீ குடிக்க வண்டி நின்றது, அவர் இறங்கவில்லை. அப்பா ஜன்னல் வழியாக டீ நீட்டினார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். அந்தத் தோள் மரத்துப் போயிருக்கும். சீர்காழி போனது, மாயவரம் போனது. மேற்கே வெயில் சாய்ந்து, அறுப்பு முடிந்த வயல்கள் மஞ்சளாகக் கிடந்தன. என் முன்சீட்டில் அவர் முகம் பாதி தெரிந்தது. அதுபோல ஒரு சந்தோஷத்தை நான் அந்த மனிதரின் முகத்தில் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எங்கள் ஊர்ப் பாலத்தில் வண்டி தூக்கிப் போட்டது. கவிதா விழித்துக்கொண்டாள். யார் தோள் என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சட்டென்று நகர்ந்து, ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

“தெரியாம சாஞ்சுட்டேங்க” என்றாள்.

“பரவால்லம்மா” என்றார் சித்தப்பா.